கஞ்சா போட்டால் பாட்டு நன்றாகக் கேட்குமா? தோட்டத்துப் பையன்கள் சொல்வதை முன்வைத்து ஒரு பேச்சு

பால்மரத்தடி (சுங்கை சிப்புட்) எழுதியது:

வணக்கம். மலேசியாவில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இருபது வயதை ஒட்டிய பையன்கள் சிலர் சாயங்காலம் ஃபுட்சால் முடிந்ததும் மோட்டார்களை வரிசையாக நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்பார்கள். அப்பா அம்மா ரப்பர் பால்வெட்டிலும் செம்பனையிலும் உழைத்து, தோட்டம் கைமாறிய பிறகு இங்கே குடிவந்த குடும்பத்துப் பிள்ளைகள். பாட்டின் மேல் உண்மையான வெறி. அவர்களில் சிலர் என்னிடம் அடித்துச் சொல்கிறார்கள்: "கஞ்சா போடாம கேட்டா பாட்டு பாதிதான் கேக்கும் அண்ணே." போட்டால் பின்னால் ஓடும் வயலின் தனியாகத் தெரிகிறதாம். பேஸ் கிட்டார் நெஞ்சுக்குள் ஓடுகிறதாம். இதுவரை பேரே தெரியாத ஆட்களின் இசையை எல்லாம் அப்படித்தான் கண்டுபிடித்தார்களாம்.

நான் ஏசவில்லை. ஏசினால், அடுத்த நாள் என் மோட்டார் சத்தம் கேட்டதும் பாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போவார்கள், அவ்வளவுதான். இதை இசை விஷயமாகவே பேசிப் பார்க்க நினைக்கிறேன்.

என் எண்ணம் இது. தெரிந்த பாட்டு பெரிதாகக் கேட்பது ஒன்று. தெரியாத பாட்டைக் கண்டுபிடிப்பது இன்னொன்று. முதலாவதில் அவர்கள் சொல்வதில் ஏதோ இருக்கலாம், மறுக்க மாட்டேன். இரண்டாவதை நம்ப முடியவில்லை. "நேற்று ராத்திரி பெரிதாகக் கண்டுபிடித்தாயே, அது என்ன பாட்டு?" என்று மறுநாள் கேட்டேன். ஃபோனை எடுத்து முந்தைய இரவின் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். யார் பாடியது, எந்த மொழி, எந்த இடத்தில் சிலிர்த்தது, எதுவும் வாயில் வரவில்லை. ஞாபகத்தில் நிற்காத ஒன்றைக் கண்டுபிடித்தோம் என்று எப்படிச் சொல்வது?

உங்கள் அனுபவத்தையும் தெரிந்ததையும் எழுதுங்கள்.

---

பனிக்காலம் (டொரான்டோ, சொந்த ஊர் கோலகங்சார்) எழுதியது:

அண்ணே, கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் இது சட்டப்படி கடையில் கிடைக்கிறது. அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். பையன்கள் சொல்வது கற்பனை இல்லை.

முதலில் மாறுவது நேரம். நாலு நிமிஷப் பாட்டு முடியவே மாட்டேன் என்கிறது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்குப் போகும் வழியெல்லாம் காதில் விழுகிறது. தபலாவின் இடது கை ஒலி வளைந்து ஏறுவதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன், ஆனால் அப்போதுதான் "பார்த்தேன்". இளையராஜா பாட்டில் இடையிசை வரும்போது பாடலையே மறந்து அதற்குள் போய்விடுவேன்.

இரண்டாவது, "இது நம்ம டேஸ்ட் இல்லை" என்று தள்ளிவிடும் குணம் கொஞ்சம் தூங்கிவிடுகிறது. எத்தியோப்பிய ஜாஸ், அதன் முன்னோடி முலாட்டு அஸ்டாட்கே, எல்லாம் எனக்கு அந்த மாதிரி இரவுகளில்தான் பிடித்துப்போனது. சாதாரண நாளில் இருபது விநாடியில் மாற்றியிருப்பேன். அதனால் கண்டுபிடிப்பே நடக்காது என்று நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1930இல் கலிஃபோர்னியாவில் இதற்காகக் கைதானவர். வாழ்நாள் முழுக்க விடவில்லை. அவர் காதுக்கு என்ன குறை?

---

உருமிச்சத்தம் (ஈப்போ) எழுதியது:

ஆம்ஸ்ட்ராங் காது கஞ்சாவில் வந்த காது இல்லை சகோதரா. சின்னப் பையனாக நியூ ஆர்லியன்ஸில் சிறுவர் காப்பக பேண்டில் கார்னெட் (ட்ரம்பெட் போன்ற குழல்) ஊதிப் பழகி, பிறகு படகிலும் ஊர்வலத்திலும் ஊதி ஊதி வந்த காது.

நான் உருமி மேளக் குழு வைத்திருக்கிறேன். தைப்பூசத்துக்குக் கல்லுமலை கோயில் வரை காவடிக்கு அடிப்போம். உருமி அடிக்கிற பையன் என்றாலே "அவன் கஞ்சா கேஸ்" என்று ஊரில் முத்திரை குத்திவிடுகிறார்கள். அது அநியாயம். எங்கள் குழுவில் நன்றாக அடிப்பவர்கள் சுத்தமாக இருப்பவர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உருமியில் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்க்க வேண்டும், மறு முகத்தை மெல்லிய குச்சியால் அடிக்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் அந்த முனகல் வராது. கூடினால் குச்சி துள்ளிவிடும். இரண்டு கையும் இரண்டு வேலை செய்து கொண்டே தப்பு, பம்பை மேளங்களையும் கவனிக்க வேண்டும், காவடி எடுப்பவரின் காலையும் பார்க்க வேண்டும். அவர் கால் தளர்ந்தால் நடையைத் தாழ்த்த வேண்டும்.

எங்களிடம் ஒரு பையன் இருந்தான். ஒத்திகைக்குப் போட்டுவிட்டு வருவான். முடிந்ததும் கண் கலங்க, "அண்ணே, இன்னிக்கு மாதிரி நான் அடிச்சதே இல்ல" என்பான். ஒத்திகையை எப்போதும் ஃபோனில் பதிவு செய்வோம். மறுநாள் போட்டுக் காட்டினேன். மற்ற நாலு பேரும் ஒரு நடையில் போகிறார்கள், இவன் தேய்ப்பு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் விழுகிறது. அடுத்தவன் தீர்மானம் (சுற்றை முடிக்கும் அடி) வைத்து முடித்த பிறகு இவன் தீர்மானம் வருகிறது. அவன் முகம் மாறிவிட்டது. அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு உள்ளே அப்படித்தான் கேட்டிருக்கிறது.

---

மருந்துச்சீட்டு (ஈப்போ) எழுதியது:

உருமி அண்ணன் சொன்னதை 1944லேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆல்ட்ரிச் என்ற அமெரிக்க மருத்துவர், கஞ்சாப் பழக்கம் உள்ளவர்களுக்குக் கஞ்சாவைப் போன்ற செயற்கை மருந்து ஒன்றைக் கொடுத்து, சீஷோர் என்ற இசைத்திறன் சோதனையை வைத்தார். சுருதி, தாளம், ஒலியின் அளவு, நேரம் இவற்றில் நுண்ணிய வேறுபாட்டைக் காது பிடிக்கிறதா என்று அளக்கும் சோதனை அது. மதிப்பெண் கூடவில்லை. ஆனால் கலந்துகொண்டவர்களில் பலர் மருந்து எடுத்தபோது நன்றாகச் செய்ததாக நினைத்தார்கள். அந்தப் பையனின் கதையேதான்.

நான் மருந்தாளர், இந்த விஷயத்தை விரும்பிப் படிப்பவள். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி. அது மூளையில் சிபி1 என்ற ஏற்பிகளில் போய் உட்காருகிறது. இந்த ஏற்பிகள் அதிகமாக இருக்கும் இடங்களைப் பாருங்கள்: புதிய நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ், அசைவையும் நேரத்தையும் சீர்செய்யும் சிறுமூளை, அப்புறம் அசைவுக்கு உதவும் பேசல் கேங்க்லியா. நேரம் நீள்வதும், தாளம் நழுவுவதும், மறுநாள் பாட்டின் பேர் மறப்பதும் தனித்தனி அதிசயங்கள் இல்லை. எல்லாம் ஒரே மருந்தின் வேலை. உள்ளுக்குள் ஓடும் கடிகாரம் வேகமாகிறது, அதனால் வெளியே பாட்டு மெதுவாகப் போவதாகத் தோன்றுகிறது.

பனிக்காலம் சொல்லும் அனுபவத்துக்கும் ஆதாரம் உண்டு. 1971இல் சார்ல்ஸ் டார்ட் என்ற உளவியலாளர் பழக்கமுள்ள 150 பேரிடம் விவரமாகக் கேட்டுத் தொகுத்தார். ஒலியில் நுண்ணிய மாற்றங்கள் தெரிகின்றன என்பது அவர்கள் மிகப் பரவலாகச் சொன்ன ஒன்று.

ஆனால் இங்கேதான் விஷயம் சுவையாகிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃப்ரீமன் குழு 16 பேரை வைத்து, கஞ்சா எடுத்த நிலையில் இசை கேட்கவிட்டு மூளையை ஸ்கேன் செய்தது. கலந்துகொண்டவர்கள் பாட்டுக் கேட்க ஆசை கூடியது, ஒலி நன்றாகத் தெரிந்தது என்றார்கள். ஸ்கேனில் வேறு காட்சி. சிபிடி (கஞ்சாவில் இருக்கும், போதை தராத இன்னொரு பொருள்) இல்லாத வகையை எடுத்தபோது, இசைக்கு மகிழும் பகுதிகளும் செவிப்புலப் பகுதியும் வழக்கத்தைவிடக் குறைவாகவே துடித்தன. சிபிடியும் சேர்ந்த வகையில் அந்த மழுங்கல் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான், இதை வைத்து எல்லாம் முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் "ஆசை கூடுகிறது, அனுபவம் கூடுகிறதா?" என்ற கேள்வியை அது நேராக வைக்கிறது. நம் ஊர்ச் சந்தில் கிடைப்பதில் எவ்வளவு டிஎச்சி, எவ்வளவு சிபிடி, வேறு என்ன கலந்தது என்று விற்பவனுக்கே தெரியாது.

இனி என் சொந்தக் கணிப்பு. பாட்டில் பாதி இன்பம் எதிர்பார்ப்பில் இருக்கிறது. பல்லவி திரும்பப் போகிறது, இப்போது மிருதங்கம் விழப்போகிறது என்று மூளை முன்கூட்டியே நிற்கிறது. கொஞ்ச நேர ஞாபகம் தளர்ந்தால் அந்த எதிர்பார்ப்பும் தளரும். அப்போது பழகிய பாட்டும் புதிதாகக் கேட்கும், இந்த நொடியின் ஒலி மட்டும் பூதாகரமாகத் தெரியும். அதைத்தான் "காது திறந்தது" என்கிறார்கள் என்று நினைக்கிறேன். விலை என்னவென்றால், ஆலாபனை எங்கே தொடங்கி எங்கே வந்து சேர்ந்தது என்ற நீண்ட கோடு கைவிட்டுப் போகிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வளரும் வயதில் தொடங்கி அடிக்கடி, வீரியம் கூடிய வகையை எடுப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. குடும்பத்தில் யாருக்காவது அது இருந்தால் இன்னும் கவனம் தேவை.

---

மட்டுறுத்துநர்:

இழை நன்றாகப் போகிறது, தொடருங்கள். எங்கே கிடைக்கும், யாரிடம் கிடைக்கும் என்ற பேச்சு மட்டும் வேண்டாம், நீக்கிவிடுவேன்.

மலேசிய வாசகர்களுக்குச் சட்டம் தெளிவாக இருக்கட்டும். 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டப்படி உட்கொண்டதற்கே 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை, அதன்மேல் மேற்பார்வை. கையில் வைத்திருப்பது 20 கிராம் தாண்டினால் பிரம்படியும் உண்டு. 200 கிராம் வைத்திருந்தால் கடத்தல் என்றே அனுமானிப்பார்கள். 2023இல் தூக்குத் தண்டனை கட்டாயம் என்பதுதான் நீங்கியது, தூக்கு இன்னும் சட்டத்தில் இருக்கிறது. "எல்லை தாண்டி ஹாட்யாய் போய்த்தானே போட்டேன்" என்று நிம்மதியாக இருப்பவர்களும் யோசிக்க வேண்டும். தாய்லாந்து 2022இல் திறந்த கதவை 2025இல் மருத்துவச் சீட்டு கேட்டுப் பாதி மூடிவிட்டது. சிறுநீரிலும் இதன் தடயம் சில நாள் முதல் சில வாரம் வரை இருக்கும்.

---

லயத்துவீட்டக்கா (சுங்கை சிப்புட்) எழுதியது:

நான் பழைய ஆள். கண்டுபிடிப்பு பற்றிப் பேசுவதால் எழுதுகிறேன்.

தோட்டத்தில் எங்களுக்குப் பாட்டு வந்த வழி வானொலியும் கேசட்டும்தான். டவுனில் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. சம்பளம் போட்ட மறுநாள் காகிதத்தில் பாட்டு வரிசை எழுதிக்கொண்டு போவோம். அறுபது நிமிஷ கேசட்டா, தொண்ணூறா என்று கேட்பார். பக்கத்துக்கு இத்தனை நிமிஷம் என்று மனக்கணக்கில் அடுக்குவார். நம் பட்டியல் முடிந்து பி பக்கத்தின் கடைசியில் மூன்று நான்கு நிமிஷம் மிஞ்சும். அதைக் காலியாக விடமாட்டார். தனக்குப் பிடித்த ஒன்றைப் போட்டுவிட்டு, அட்டையில் பச்சை மையில் எழுதித் தருவார். எனக்கு பி. வசந்தாவின் குரல் அப்படி வந்தது. ஹிந்துஸ்தானி ஷெனாய் அப்படி வந்தது. பிடிக்கவில்லை என்றாலும் கேட்டே ஆக வேண்டும், தட்டிவிட்டுப் போக முடியாது. அடுத்த மாதம் போகும்போது "அந்தக் கடைசிப் பாட்டு எப்படி?" என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டும், அதற்காகவே உட்கார்ந்து கேட்போம்.

என் தம்பியும் அந்தக் கடைக்கு வருவான். என்னைவிட நல்ல காது அவனுக்கு. ஒரு பாட்டில் ஹார்மோனியம் எங்கே சேர்கிறது என்று சொல்லித் தந்ததே அவன்தான். பிறகு சேர்க்கை மாறியது. பாட்டுக்காகத்தான் போடுகிறேன் என்று ஆரம்பித்தவன், கடைசியில் பாட்டைப் போடுவதையே விட்டுவிட்டான். பிடிபட்டான், உள்ளே போனான், வந்தான், மறுபடி போனான். இப்போது இருக்கிறான், நன்றாகவே இருக்கிறான். ஆனால் பாட்டுக் கேட்பதில்லை. கேட்டால் பழைய ஆட்களின் ஞாபகம் வருகிறது என்கிறான். எனக்கு அதுதான் ஆறாத வருத்தம்.

தோட்டத்து மக்களுக்குப் போதையை யாரோ ஒருவர் எப்போதும் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. 1947இல் கெடாவில் கள்ளை எதிர்த்த தொண்டர் படை கள்ளுக்கடை முன் மறியல் செய்தபோது உயிரையும் கொடுத்தார்கள். அவர்கள் யாரும் பாட்டுக்கும் கூத்துக்கும் எதிரிகள் இல்லை.

---

பால்மரத்தடி எழுதியது:

அக்கா, அந்தப் பச்சை மை எனக்குள் ஒட்டிக்கொண்டது. இன்று ஃபோன் நமக்குத் தேர்ந்து தருகிறது, ஆனால் மறுநாள் "எப்படி?" என்று கேட்பதில்லை.

பனிக்காலத்துக்கு ஒரு விஷயம். நீங்கள் சொன்னதற்குப் பிறகு அஸ்டாட்கேவைத் தேடிக் கேட்டேன், வெறும் காப்பியோடுதான். அந்த நாட்டு இசையில் டிசிட்டா என்ற ஸ்வர வரிசை உண்டு. அதன் ஒரு வடிவத்தில் வரும் ஐந்து ஸ்வரங்கள் நம் மோகனத்தின் ஐந்துதான். அது தெரிந்ததும் உடம்பு சிலிர்த்தது. எங்கள் கோயில் நாதஸ்வரக்காரர் சாயரட்சைக்கு வாசித்த மோகனம் ஞாபகத்தில் இருந்ததால்தான் அந்தச் சிலிர்ப்பு. என்னைப் பொறுத்தவரை கண்டுபிடிப்பு என்பது இதுதான். புதியது ஒன்று வந்து பழையது ஒன்றைத் தொட வேண்டும். ஞாபகத்தைத் தளரவைக்கும் பொருள் இதற்கு எப்படி உதவும்?

அப்புறம் பேஸ் கிட்டார். "கஞ்சா போட்டப்பறம்தான் பேஸ் கேட்டுச்சு" என்கிறார்கள். நாம் இளையராஜாவை முதலில் எதில் கேட்டோம் என்று யோசியுங்கள். திருவிழாவில் தென்னைமரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர், தோட்டத்து லயன் வீட்டுச் சின்ன ரேடியோ, பஸ்ஸின் கிழிந்த ஸ்பீக்கர். அவற்றில் அடிச்சுருதி ஒலியே வெளிவராது. இன்றைக்கும் பையன்கள் பகலில் கேட்பது ஃபோனின் ஸ்பீக்கரில், அதிலும் வராது. ராத்திரி ஒதுங்கி உட்கார்ந்து, ஹெட்போன் மாட்டி, கண்ணை மூடி, வேறு வேலை இல்லாமல் கேட்கிறார்கள். இளையராஜா பாட்டுகளுக்குச் சசிதரன் வாசித்த பேஸ் அப்போதுதான் முதல்முறையாக அவர்கள் காதுக்குப் போகிறது. ஹெட்போனுக்கும் அமைதிக்கும் சேர வேண்டிய பேர் கஞ்சாவுக்குப் போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்தே பார்த்தேன். பையன்களை என் வீட்டு ஐந்தடியில் (முன் நடைபாதையில்) உட்காரவைத்தேன். கம்பி ஹெட்போன், பகல் நேரம், யாரும் எதுவும் போடவில்லை. "பாடகியை விடு. பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசி வரை போ" என்றேன். முதல் தடவை பாதியில் தொலைத்துவிட்டார்கள். மறுபடி. மூன்றாவது ஓட்டத்தில் ஒருவன் கையைத் தூக்கினான். "அண்ணே, அவங்க மூச்சு விடுற எடத்துல பேஸ் வேற ஒரு பாட்டு பாடுதுண்ணே." அதைச் சொன்னபோது அவன் கண்ணைப் பார்த்திருக்க வேண்டும்.

---

பனிக்காலம் எழுதியது:

மோகனம் விஷயம் எனக்குத் தெரியாது அண்ணே, நன்றி. இரவில் பிடித்ததை மறுநாள் தெளிவாக இருக்கும்போது மறுபடி கேட்டதால்தான் அஸ்டாட்கே என்னோடு நின்றார், அது உண்மை. மறுபடி கேட்காத எத்தனையோ போய்விட்டன. ஆனாலும் மனத்தின் கதவு அன்று கொஞ்சம் தளர்ந்தது என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன். இங்கே நான் பயமில்லாமல் செய்யும் ஒன்றுக்கு அங்கே ஒரு பையன் சிறை போகிறான் என்பதும் மனத்தை அறுக்கிறது.

---

சிப்புட்பையன் எழுதியது:

வணக்கம். அண்ணன் சொன்ன பசங்களில் நானும் ஒருத்தன். எழுத்து சுமாராகத்தான் வரும், மன்னிக்கவும்.

எல்லாரும் காது, மூளை என்று பேசுகிறீர்கள். எனக்கு வேற மாதிரி. ஃபேக்டரியில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். வெளியே வந்த பிறகும் மெஷின் சத்தம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டு போட்டாலும் அதன்மேல் மெஷின் ஓடும். கூட இருப்பவன் கொடுத்ததைப் போட்டால் அது நின்றது. அப்போதுதான் பாட்டு கேட்டது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் போடாமலே கேட்டது, அதுவும் நிஜம். ஆனால் அது லீவு நாள். வேலை நாளில் என்ன செய்வது?

---

மருந்துச்சீட்டு எழுதியது:

தம்பி, இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி உங்களுடையது.

ஷிஃப்ட் முடிந்ததும் காது மந்தமாவதும் இரைவதும் சோர்வின் அடையாளம். நாள்தோறும் இப்படி நடந்தால் நிரந்தரமாகும், உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். நீங்கள் சொல்லும் அந்த வயலின்தான் முதலில் போகும். கஞ்சா அந்த இரைச்சலைக் குணப்படுத்தாது, அதன்மேல் இருக்கும் கவனத்தை மாற்றுகிறது. மந்தமான காதோடு ஹெட்போனைச் சத்தமாக வைத்தால் இரட்டைச் சேதம்.

2019ஆம் ஆண்டு ஒலி விதிமுறைப்படி இங்கே வேலையிடத்தில் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் வரம்பு. பன்னிரண்டு மணி நேரம் நின்றால் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். காதடைப்பான் கொடுப்பது முதலாளியின் கடமை, கேட்டு வாங்குங்கள். ஷிஃப்ட் முழுக்க மாட்டுங்கள். வெளியே வந்ததும் ஒரு மணி நேரமாவது பாட்டு வேண்டாம், குளித்துச் சாப்பிட்டுவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் ஓய்வு நாளிலும் நிற்கவில்லை என்றால் அரசாங்க கிளினிக்கில் காட்டிச் செவிச் சோதனைக்கு எழுதி வாங்குங்கள். இதற்கெல்லாம் யாரும் உங்களை வேறு கேள்வி கேட்கப் போவதில்லை.

---

உருமிச்சத்தம் எழுதியது:

தம்பி, உருமிக்காரர்களுக்கும் இதே தொல்லை உண்டு. காவடி நாளில் நாங்கள் எல்லோரும் பஞ்சு போன்ற காதடைப்பான் மாட்டுகிறோம், நடை இன்னும் தெளிவாகவே கேட்கிறது. ஒரு பெட்டி உபரியாக இருக்கிறது, பால்மரத்தடி அண்ணன் வழியாக அனுப்புகிறேன்.

---

பால்மரத்தடி எழுதியது:

அனுப்புங்கள் அண்ணே, நன்றி. தம்பி, உன் ஷிஃப்ட் எப்போது மாறுகிறது என்று சொல், அதற்குத் தக்கபடி வைத்துக்கொள்ளலாம். இரவு ஷிஃப்ட் வாரம் என்றால் சாயங்காலம் வேலைக்குப் போகும் முன், காது ஓய்ந்திருக்கும்போது கேட்போம்.

அக்கா, வர முடியுமா? ஒரே ஒரு பாட்டு, நீங்கள் தேர்ந்தெடுத்தது, கடைசியில் போடுவோம். அடுத்த வாரம் பையன்கள் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு ஃபோனில் நாலு ஹெட்போன் செருகும் பிரிப்பான் ஈப்போவில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என்னிடம் இருப்பதில் இரண்டுதான் செருக முடியும், பிள்ளைகள் காதுக்கு ஒன்றாகப் பங்குபோட்டுக் கேட்கிறார்கள். அதில் பாதி இசை போய்விடுகிறது.